ஜெயித்த வழக்கின் செலவுக் கணக்கு



கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1978 முதல் 2012 வரை கிராணியாக இருந்தவன் நான். செக்ரோல் எழுதுவதும் சம்பளப் பட்டியல் போடுவதும் என் வேலை. ஆபீசு முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு பேராவது காத்திருப்பார்கள். சேமநிதியிலிருந்து வந்த கடிதம், பள்ளிக்கூடத்துக் கடிதம், மோட்டார் சைக்கிள் தவணைக்கு வந்த நோட்டீசு, எல்லாம் என் கைக்கு வரும். படித்துச் சொல்வேன். பதில் எழுதிக் கொடுப்பேன். "கிராணி பார்த்துட்டாருல்ல, அப்புறம் என்ன?" என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் என் படிப்பின் மேல் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. இந்தக் கதை அந்தக் கர்வத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது.

என் மகன் ஒரு வழக்கில் ஜெயித்தான். ஜெயித்ததில் அவனுக்கு 38,000 வெள்ளி நஷ்டம். இது எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

2016இல் மகன் ஒரு பிரான்சைஸ் கடை எடுத்தான். உங்களில் பலருக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்கும். பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பலகையை நம் கடையில் மாட்டிக்கொண்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி, அவர்கள் கொடுக்கும் சரக்கை வைத்து நாம் வியாபாரம் செய்வது. ஆரம்பத்தில் ஒரு தொகை கட்ட வேண்டும். பிறகு மாதா மாதம் விற்பனையில் ஒரு பங்கை ராயல்டி என்று கொடுக்க வேண்டும். மகன் எடுத்தது கோப்பியும் வாட்டிய ரொட்டியும் விற்கும் கடை. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஆரம்பக் கட்டணம், கடை அலங்காரம், இயந்திரம், முன்பணம் என்று மொத்தம் 95,000 வெள்ளி. அதில் 60,000 என்னுடைய சேமநிதிப் பணம். மிச்சம் அவன் சேமித்ததும் கடன் வாங்கியதும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். "அப்பா, நீங்க ஒரு தடவை பார்த்துட்டா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றான். நாற்பத்து மூன்று பக்கம். படிக்க அவகாசம் இருந்தது. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் பிரான்சைஸ் சட்டம் என்று ஒன்று உண்டு. கையெழுத்துக்குக் குறைந்தது பத்து நாளைக்கு முன்பே ஒப்பந்தத்தின் நகலையும் கம்பெனியைப் பற்றிய விவரப் பத்திரத்தையும் கொடுத்தாக வேண்டும் என்பது அதில் உள்ள விதி. கையெழுத்துப் போட்ட பிறகும் குறைந்தது ஏழு வேலை நாள் மனம் மாற இடம் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பெனி இதில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது.

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்கள் வரும் இடமெல்லாம் கோடு போட்டேன். ராயல்டி எவ்வளவு, முன்பணம் எப்போது திரும்ப வரும், எத்தனை ஆண்டு, கடைக்கு எவ்வளவு தூரத்துக்குள் இன்னொரு கடை வராது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மகனுக்கு விளக்கினேன். 41ஆம் பக்கம் வந்தபோது இரவு பதினொரு மணி. தகராறு வந்தால் கோலாலம்பூரில் ஒரு நடுவர் முன்னிலையில் தீர்த்துக்கொள்வது, நடுவரின் கட்டணத்தை இருவரும் சரிபாதி ஏற்பது என்று நான்கு வரி இருந்தது.

படித்தேன். மனதுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கோர்ட்டு கச்சேரி என்று அலையாமல் நடுவர் வைத்துப் பேசி முடிப்பது நல்லதுதானே? எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபத்தில் நான் எத்தனை பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! தண்டல் ஒரு பக்கம், கோவில் தலைவர் ஒரு பக்கம். புருஷன் பெண்சாதி சண்டையிலிருந்து ஆட்டுக்குட்டி யாருடையது என்பது வரைக்கும் அங்கேதான் தீரும். செலவு என்று பார்த்தால் வந்தவர்களுக்கு ஒரு கோப்பி, வெற்றிலை பாக்கு. அந்த நினைப்பில்தான், "இதுல ஒண்ணுமில்ல, கையெழுத்துப் போடு தம்பி" என்று சொன்னேன்.

இரண்டு ஆண்டு வியாபாரம் சுமாராக ஓடியது. 2018இல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அதே கம்பெனியின் இன்னொரு கடை திறந்தார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன தூரத்துக்குள்ளேதான் அது வந்தது. நான் கோடு போட்ட இடங்களில் அதுவும் ஒன்று. மகனுடைய விற்பனை பாதியாக விழுந்தது. கடிதம் எழுதினான், நேரில் போனான், பலன் இல்லை. கோபத்தில் ராயல்டி கட்டுவதை நிறுத்திவிட்டான். (இது தப்பு. அந்தப் பாக்கி பின்னால் அவன் தலையிலேயே விழுந்தது.) கம்பெனி நோட்டீசு அனுப்பியது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அவருடைய துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகி, கடைக்காரன் கைவிரித்தபோது, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனுப் போட்டு, வக்கீல் இல்லாமலே பணத்தைத் திரும்ப வாங்கியவர் அவர். "நீங்களும் அங்க போங்க" என்றார். போய் விசாரித்தோம். அந்த மன்றத்தில் இப்போது 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம். ஆனால் தன் வீட்டு உபயோகத்துக்குப் பொருள் வாங்கியவர்களுக்குத்தான் அது. வியாபாரம் செய்ய உரிமை வாங்கியவன் பயனீட்டாளர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வாசகர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்தபோது நம் வழக்குக்கு நாம் காசு செலவழித்துப் பழக்கமில்லை. சம்பளம் குறைந்தால் தொழிலாளர் இலாகாவில் போய்ப் புகார் கொடுப்போம், அதற்குக் கட்டணம் இல்லை. வேலையை விட்டு நீக்கினால் சங்கம் பார்த்துக்கொள்ளும். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உண்டான காலம் முதல் மாதச் சந்தாவைக் கட்டிவிட்டு அந்தத் தைரியத்தில்தான் இருந்தோம். ஒரு கடையைத் திறந்து பலகை மாட்டிய அன்றைக்கு அந்த வாசல்கள் எல்லாம் நமக்கு மூடிவிடுகின்றன. சட்டத்தின் கண்ணில் என் மகனும் முதலாளி, அந்தக் கம்பெனியும் முதலாளி. முதலாளியும் முதலாளியும் சண்டை போட்டால் செலவு அவரவர் கையிலிருந்துதான்.

சரி, கோர்ட்டுக்குப் போவோம் என்று சுங்கைப் பட்டாணி செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டான் மகன். 1,20,000 வெள்ளி கேட்டான். எதிர்தரப்பு வக்கீல் வந்து வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 41ஆம் பக்கத்தை மட்டும் காட்டினார். 2005ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தில் 10ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருந்து, எதிர்தரப்பு வழக்கில் வேறு நடவடிக்கை எதுவும் எடுக்கும் முன்பே அதைக் காட்டிவிட்டால், கோர்ட்டு வழக்கை நிறுத்தி வைத்தே ஆக வேண்டும். அந்த விதி செல்லாது, நிறைவேற்ற முடியாது என்று காட்டினால்தான் தப்பலாம். எங்களால் அப்படிக் காட்ட முடியவில்லை. வழக்கு நின்றது. எதிர்தரப்பின் செலவுக்கு 3,000 வெள்ளி கட்டச் சொன்னார்கள். எங்கள் வக்கீலுக்கு 6,000. கடையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல் 9,000 வெள்ளி போய்விட்டது.

பிறகு நடுவர் விசாரணைக்கு வந்தோம். எங்கள் வக்கீல் ஓர் இளம் பெண். நம் பிள்ளைதான், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர். என்னை அங்கிள் என்று கூப்பிடுவார். முதல் நாளே அவர் எனக்குச் செலவு விவரம் சொன்னார். அன்றைக்குத்தான் என் கோவில் மண்டபம் கண்ணெதிரே இடிந்து விழுந்தது.

"அங்கிள், கோர்ட்டுல நீதிபதிக்குச் சம்பளம் யாரு கொடுக்கிறது?"

"அரசாங்கம்."

"நடுவருக்கு நாமதான் கொடுக்கணும். ரெண்டு தரப்பும் சேர்ந்து. முன்பணமா."

நடுவர் உட்காரும் நாளுக்கு மட்டும் கட்டணம் என்று நினைக்காதீர்கள். நம் பத்திரங்களைப் படிக்கும் நேரத்துக்கும், தீர்ப்பு எழுதும் நேரத்துக்கும் உண்டு. கோர்ட்டில் வாடகை இல்லாத மேசை நாற்காலிக்கு இங்கே வாடகை. பேசுவதைத் தட்டச்சு செய்கிறவருக்குக் கூலி. கோலாலம்பூரில் நடக்கிறது என்றால் இரவுப் பேருந்து, அங்கே தங்கும் இடம், சாட்சியாக வரும் கடைப் பையனுக்கு இரண்டு நாள் சம்பளம். எங்கள் வழக்கில் நடுவர் கட்டணம் 36,000 வெள்ளி. அறைக்கும் தட்டச்சுக்கும் 6,000. இவை இரண்டிலும் பாதி எங்கள் பங்கு. வக்கீல் கட்டணம் தனியாக 28,000.

"ஜெயிச்சா எல்லாம் திரும்ப வந்துடுமில்ல?" என்று கேட்டேன். வக்கீல் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நடுவர் தீர்ப்புச் சட்டத்தில் 44ஆம் பிரிவுதான் செலவைப் பற்றியது. அதன் முதல் வார்த்தைகளே, "இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய" என்ற பொருளில் வருகின்றன. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தம். அதில் அவரவர் வக்கீலுக்கு அவரவர் கட்ட வேண்டும் என்று இருந்தால், நீங்கள் நூற்றுக்கு நூறு ஜெயித்தாலும் வக்கீல் காசு பொதுவாகத் திரும்பாது. தோற்றவர் எல்லாம் கட்டுவார் என்று இருந்தால் அதன்படி. ஒப்பந்தம் பேசாமல் இருந்தால், யார் எவ்வளவு கட்டுவது என்பது நடுவரின் முடிவு. தோற்றவர் கட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம். ஆனாலும் நாம் செலவழித்தது முழுவதும் கிடைக்காது, நியாயமான செலவு என்று அவர் மதிப்பிடுவதுதான் கிடைக்கும். தீர்ப்பில் செலவைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிட்டால், அவரவர் செலவு அவரவருக்கு, நடுவர் கட்டணம் பாதி பாதி.

"அதோட இன்னொண்ணு, அங்கிள்" என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதினார். எதிர்தரப்பு நடுவில் சமரசத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி, நாம் மறுத்து, கடைசியில் தீர்ப்பு அந்தத் தொகையைவிட நமக்கு மேலாக வராவிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு ஆன செலவை யார் கட்டுவது என்று முடிவு செய்யும்போது நடுவர் அதையும் கணக்கில் எடுக்கலாம். அந்த வரியை நான் அன்றைக்குச் சரியாகப் படிக்கவில்லை.

ஆளுக்கு 6,000 வெள்ளி முதல் முன்பணம் கட்டினோம். இரண்டாவது முன்பணத்துக்கு நாங்கள் கட்டினோம், கம்பெனி கட்டவில்லை. நடுவரிடமிருந்து கடிதம் வந்தது. முன்பணம் முழுவதும் வந்தால்தான் விசாரணை நடக்கும். எதிர்தரப்பின் பங்கையும் நீங்களே இப்போதைக்குக் கட்டலாம், பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படும் என்று. எதிராளியின் பங்கையும் நான் கட்டுவதா என்று மேசையில் குத்தினேன். மகன் ஒன்றும் சொல்லாமல் சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுத்துக் கட்டினான். யோசித்துப் பார்த்தால் கம்பெனிக்கு என்ன அவசரம்? பணம் கேட்கிறவர்கள் நாங்கள். விசாரணை நின்றால் நஷ்டம் எங்களுக்குத்தான்.

இதற்கு முன்பே, முதல் முன்பணம் கட்டியிருந்த சமயத்தில், கம்பெனி வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ராயல்டிப் பாக்கி உட்பட எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டு 35,000 வெள்ளி தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். தீர்ப்பு வரும்வரை அந்தக் கடிதத்தை நடுவருக்குக் காட்டக்கூடாது, செலவு யார் தலையில் என்று பேசும்போது மட்டும் காட்டலாம் என்று அதன் தலைப்பிலேயே இருந்தது.

வக்கீல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. "அங்கிள், இது சாதாரணக் கடிதம் இல்ல. நல்லா யோசிங்க" என்றார்.

மகன் என் முகத்தைப் பார்த்தான். "எடுத்துக்கலாம்பா. எனக்குப் போதும்னு இருக்கு" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நியாயம் நம்ம பக்கம் இருக்கு. ஒரு லட்சத்து இருபதாயிரத்தைக் கேட்டவன் முப்பத்தையாயிரத்துக்கு வாயை மூடிக்கிட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இதுக்குச் சம்மதிக்க மாட்டேன்." அவன் அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. கடிதத்தை மடித்து உறையில் போட்டான். என் மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே போய்விட்டாள். அந்த நாளைக்குள் செலவான மொத்தம் 25,000 வெள்ளி. அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் போக 10,000 வெள்ளி கையில் நின்றிருக்கும். மகனுக்குத் தூக்கமும் நின்றிருக்கும்.

2019இல் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் அறையில் மூன்று நாள் விசாரணை நடந்தது. அதைப் பற்றி விவரமாக எழுத ஒன்றுமில்லை. நடுவர் பொறுமையானவர், எங்கள் பையனின் சாட்சியைத் தடுக்காமல் கேட்டார். கடையை அதற்குள் மூடிவிட்டோம்.

2020 பிப்ரவரியில் வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டார். தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது, ஆனால் இன்னும் 12,000 வெள்ளி கட்டண பாக்கி இருக்கிறது, அதைக் கட்டினால்தான் தீர்ப்பு கைக்கு வரும் என்றார். கட்டணம் வரும்வரை தீர்ப்பைக் கொடுக்காமல் வைத்திருக்க நடுவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதே 44ஆம் பிரிவுதான். பாதி கம்பெனியின் பங்கு. அவர்கள் கட்டவில்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமலே பன்னிரண்டாயிரத்துக்கு அலைந்தோம்.

என் மனைவி கையிலிருந்த ஆறு வளையலையும் கழற்றி மேசை மேல் வைத்தாள். அவள் ஆயாக் கொட்டகையில் வேலை செய்த காலத்தில் போனசு வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து போட்டுக்கொண்டவை. "என்னங்க, போய் அந்தத் தாளை மீட்டுக்கிட்டு வாங்க" என்றாள். தாலியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அடகுச் சீட்டைப் படித்தும் சொல்லியிருக்கிறேன். வளையலை அடகு வைத்துத் தீர்ப்பை மீட்டவன் நான்தான்.

தீர்ப்பில் கம்பெனி ஒப்பந்தத்தை மீறியது உண்மை என்று இருந்தது. நஷ்ட ஈடு 42,000 வெள்ளி. மகன் கட்டாத ராயல்டி 13,000ஐக் கழித்தால் 29,000. நான் கையைத் தட்டிவிட்டேன். வக்கீல், "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு அங்கிள்" என்றார். அந்த இரண்டு பக்கத்தில் 35,000 வெள்ளிக் கடிதம் இருந்தது. இருபத்தொன்பதாயிரம் முப்பத்தையாயிரத்தைவிடக் குறைவு. ஆகவே அந்தக் கடிதத் தேதி வரைக்கும் எங்கள் செலவுக்குக் கம்பெனி 8,000 கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஆன செலவில் 17,000ஐ நாங்கள் கொடுக்க வேண்டும். நடுவர் கட்டணம் ஒப்பந்தப்படி பாதி பாதி.

கிராணி அல்லவா, கணக்கை நானே போட்டேன். நாங்கள் அவர்கள் பங்குக்காகக் கட்டிய 12,000ஐயும் சேர்த்து, கம்பெனியிடமிருந்து வந்த காசோலை 32,000 வெள்ளி. கோர்ட்டு, வக்கீல், நடுவர், அறை என்று நாங்கள் வெளியே விட்டது 70,000. பேருந்துக் காசையும் சாப்பாட்டையும் நான் இதில் சேர்க்கவில்லை.

மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். நடுவர் தீர்ப்பை அப்படி மேலே கொண்டுபோக முடியாது. சட்டக் கேள்வியை உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முன்பு ஒரு வழி இருந்தது, அதையும் 2018இல் நீக்கிவிட்டார்கள். விசாரணை முறையாக நடக்கவில்லை என்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டும், 90 நாளுக்குள் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். எங்களிடம் அப்படிக் காரணம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த நடுவர் மேல் எனக்குக் குறையே இல்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் செய்தார்.

பிறகு வீட்டிலேயே அடைந்து கிடந்த நாட்களில் (அடுத்த மாதமே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது) இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் கிரேட் ஃபால்ஸ் என்று ஓர் ஊர். அங்கே பால் காசரோட்டோ என்பவர் 1988இல் சப்வே ரொட்டிக் கடை பிரான்சைஸ் எடுத்தார். தகராறு வந்து தன் ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவருடைய ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கத்தில், மற்ற எழுத்தைப் போலவே சாதாரண எழுத்தில், நடுவர் விதி இருந்தது. விசாரணை நாட்டின் மறுகோடியில் உள்ள கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில், செலவு ஆளுக்குப் பாதி. நடுவர் விதி இருந்தால் அதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும் என்று மொன்டானாவில் ஒரு சட்டம் இருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் 1996 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நடுவர் விதிக்கு மட்டும் தனியாக அப்படி ஒரு நிபந்தனை போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டது. ஒன்பதாம் பக்கத்துச் சாதாரண எழுத்தே போதும் என்று ஆயிற்று.

நம் நாட்டுச் சட்டத்திலும் நடுவர் விதி எழுத்தில் இருந்தால் போதும். எத்தனையாவது பக்கம், எத்தனை பெரிய எழுத்து என்று கேட்பதில்லை. இதைப் படித்த அன்று இரவு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கடல் தாண்டி ஒருவரும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறாரே என்ற ஆறுதல்.

நடுவர் விசாரணையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் வழக்காடும்போது அது சௌகரியம். கோலாலம்பூரில் 1978 முதல் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, இப்போது ஆசிய அனைத்துலக நடுவர் மையம் என்று பெயர். விஷயம் வெளியே தெரியாமல், வருடக் கணக்கில் இழுக்காமல் முடியும் என்பார்கள். லட்சம் வெள்ளிக்கு உட்பட்ட ஒரு ரொட்டிக் கடைச் சண்டையை அந்தத் தராசில் வைத்தால், தட்டில் இருப்பதைவிடத் தராசின் வாடகை கூடிப்போகிறது.

மகன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் இப்போது இரவுச் சந்தையில் சொந்தமாகக் கடை போடுகிறான், பலகையில் யார் பெயரும் இல்லை. வளையலில் நான்கு திரும்பி வந்துவிட்டன. மற்ற இரண்டும் தவணை தப்பிப் போய்விட்டன. என் மனைவி கைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, இதுவே போதும், வேலை செய்ய இடைஞ்சல் இல்லை என்கிறாள்.

இப்போதும் என் வீட்டு வாசலுக்குத் தாள்கள் வருகின்றன. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதிக்கு வந்துவிட்டோம், ஜனங்கள் அதே ஜனங்கள்தான். போன வாரம் எங்கள் பழைய தண்டலின் பேரன் வந்தான். டியூஷன் சென்டர் பிரான்சைஸ் எடுக்கப் போகிறானாம். ஒப்பந்தத்தை என் கையில் கொடுத்து, "தாத்தா, கணக்கு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றான்.

நான் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினேன். 36ஆம் பக்கத்தில் இருந்தது. விசாரணை கோலாலம்பூரில். நடுவர்கள் மூன்று பேர். ஒருவருக்கே நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவரவர் வக்கீல் செலவு அவரவருக்கு. இன்னும் ஆறு பக்கம் முன்னால், கம்பெனி பாக்கி வசூலிக்க வேண்டி வந்தால் அதன் வக்கீல் செலவு முழுவதும் கடைக்காரன் பொறுப்பு என்று இன்னொரு வரி. பென்சிலால் இரண்டையும் சுற்றி வட்டம் போட்டேன். மூன்று நடுவருக்குப் பதில் ஒருவர், கோலாலம்பூருக்குப் பதில் இந்த ஊர், சின்னத் தொகை என்றால் இங்கேயே கோர்ட்டு, வக்கீல் செலவு இரு தரப்புக்கும் ஒரே நியாயம், இந்த நான்கையும் கம்பெனியிடம் கேட்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். "மாத்துவாங்களா தாத்தா?" என்றான். தெரியாது என்றேன். மாற்ற மாட்டோம் என்றால் வெறுங்கையோடு திரும்பி வா, அதையும் எனக்குச் சொல்லு என்றேன்.

நாளைக் காலையில் போகிறான். கையெழுத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.